மைக்கைக் கண்டு பின்வாங்கும் மம்சாபுரத்துப் பிள்ளைகளுக்கு

மம்சாபுரத்துத் தம்பிகளே, தங்கைகளே,

பேசத் தெரியாத ஊர் அல்ல நம் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில், மேற்கே மலையைப் பார்த்தபடி இருக்கிற இந்தப் பேரூரில் டீக்கடை பெஞ்சிலும் ரேஷன் கடை வரிசையிலும் கண்மாய்க் கரையிலும் நடக்கிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்டாலே தெரியும். அதில் வழக்கு இருக்கும், கணக்கு இருக்கும், எதிராளியை மடக்குகிற சாமர்த்தியம் இருக்கும். ஆனால் கூட்டம் என்று ஒன்று கூடி, எதிரே ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்து, மேசையில் மைக்கையும் வைத்துவிட்டால் அத்தனை பேச்சும் எங்கோ போய்விடுகிறது. பெரியவர்கள் உங்கள் பக்கம் திரும்புகிறார்கள். "படிச்ச பிள்ளைக நீங்கதான, எந்திரிச்சுச் சொல்லுங்க" என்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை இடித்து அவரை அனுப்பப் பார்க்கிறீர்கள். அவர் உங்களைப் பார்க்கிறார். அதற்குள் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள்கூட இப்படிப் பின்வாங்குவதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதத் தோன்றியது. கோப்பை வாங்கிய பிள்ளைக்கு ஊர்க் கூட்டத்தில் ஏன் நா எழவில்லை?

போட்டிப் பேச்சு எப்படித் தயாராகிறது என்று நமக்குத் தெரியும். ஜூலை 15 வரப்போகிறது, காமராசர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள். ஆசிரியரோ அப்பாவோ ஒன்றரைப் பக்கம் எழுதித் தருகிறார். பிள்ளை அதை உருப்போடுகிறது. எந்த வரியில் குரலை உயர்த்த வேண்டும், எந்த வரியில் கையை நீட்ட வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நினைவாற்றலுக்கு இது நல்ல பயிற்சி, நாவில் தமிழ் புழங்கவும் செய்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் பிள்ளை ஒருமுறைகூடக் கேட்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. புரியாத இடத்தில் நின்று வேறு மாதிரி சொல்ல வழியில்லை. ஒரு வரி மறந்தால் பின்னால் வருகிற அத்தனை வரியும் போய்விடும். சொல்லுகிற செய்தியும் பிள்ளைக்குச் சொந்தமானதில்லை. ஆகவே பத்து வருடம் மேடை ஏறிய பிள்ளைக்கும் பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை.

யாரைப் பற்றி அப்படி முழங்குகிறோமோ அவர் எப்படிப் பேசினார் என்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். காமராசர் நம் மாவட்டத்துக்காரர், 1903இல் விருதுநகரில் பிறந்தவர். அவருடைய அரசியல் ஆசான் தீரர் சத்தியமூர்த்தி, தமிழிலும் ஆங்கிலத்திலும் சபையைக் கட்டிப்போட்ட பேச்சாளர். சீடர் அந்த வழியில் போகவில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள், விருதுநகர்க் கடைத்தெருவில் புழங்குகிற சொற்கள், அவ்வளவுதான். அந்தத் தமிழோடுதான் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார், பிறகு அகில இந்தியக் காங்கிரசுக்கே தலைவரானார். கோரிக்கையோடு போனவர்களிடம் அவர் சொன்ன "பார்க்கலாம்" தமிழ்நாடு முழுக்கப் பிரசித்தம். அந்த ஒன்றை நம்பி மக்கள் ஊர் திரும்பினார்கள் என்றால், அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரம்தான் அந்த நம்பிக்கைக்குக் காரணம்.

நம் வட்டாரத்தின் மிகப் பெரிய சபைப் பேச்சு எது என்று கேட்டால் நான் விஷ்ணுசித்தருடையதைச் சொல்வேன். வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்கிற செய்தி இது. வில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து, மண்ணைக் கொத்தி, பூப்பறித்து, மாலை கட்டி வடபத்ரசாயிக்குச் சாத்துவதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்தவர். மதுரையில் பாண்டியன் ஸ்ரீவல்லபதேவனுக்கு ஒரு கேள்வி எழுந்தது. மறுமைக்குத் துணையாகும் பரம்பொருள் எது? விடையை நிலைநாட்டுபவருக்கு என்று பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டான். வித்துவான்கள் கூடினார்கள். வில்லிபுத்தூரில் பெருமாள் கனவில் வந்து விஷ்ணுசித்தரைப் பார்த்து நீ போய்ப் பேசு என்றார். அதற்கு இந்தப் பெரியவர் என்ன சொன்னார்? மண் கொத்திக் காய்த்துப்போன கையைக் காட்டியா அந்தப் பண்டிதர்கள் நடுவில் நான் ஜெயிப்பது என்று கேட்டாராம். பிறகு போனார், பேசினார். கிழி அவர் பக்கம் தாழ்ந்து வந்தது. பாண்டியன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் வரச் செய்தான், அந்த யானைமேல் இருந்துகொண்டுதான் அவர் திருப்பல்லாண்டைப் பாடினார் என்பது மரபு. பெரியாழ்வார் என்று நாம் கும்பிடுகிறவர் அவர்தான். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதாவில் இந்த வாதம் இடம்பெறுகிறது. ராஜபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா அந்தக் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆக, நம் பக்கத்துக் கதை தெலுங்குக்குப் போய், நம் பக்கத்துக்காரர் ஒருவர் கையால் வீடு திரும்பியிருக்கிறது.

கிழி தானாக வளைந்ததா என்பது பக்தியின் விஷயம், அதற்குள் நான் போகவில்லை. என் மனத்தைப் பிடித்துக்கொண்டது அந்தக் காய்த்துப்போன கை. "எனக்கு என்ன தெரியும், நான் போய் அவர்கள் முன்னால் என்ன பேச" என்று இன்று உங்களுக்குத் தோன்றுவது அன்று இதே மண்ணில் அவருக்கும் தோன்றியிருக்கிறது. கதையைச் சொல்லிவந்தவர்கள் அந்தத் தயக்கத்தை மறைக்கவில்லை, பெருமையோடு சேர்த்தே சொன்னார்கள். பண்டிதர்களிடம் நூல்கள் இருந்தன. இவரிடம் ஒவ்வொரு நாளும் கையால் செய்த காரியம் ஒன்று இருந்தது, அதைப் பற்றிய உறுதி இருந்தது. பேசுவதற்கு வேண்டிய முதல் தகுதி இதுதான் என்பது என் தீர்மானமான எண்ணம். நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிற அக்காவுக்கு அந்த ஷிப்டைப் பற்றித் தெரிந்தது மேடையில் இருப்பவர்கள் யாருக்கும் தெரியாது. மாந்தோப்பில் காவல் படுக்கிற தம்பிக்குக் காட்டுப்பன்றி எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியும். உங்கள் கையில் காய்ப்பு எங்கே இருக்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். மற்றதைப் பேசும்படி கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், அதுவும் சபைக்கு மரியாதைதான்.

இனி அந்தப் பயத்தைப் பற்றி. எழுந்து நின்றதும் நெஞ்சு படபடக்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கை நடுங்குகிறது. உடம்பு அட்ரினலினை இறக்கி, எதற்கோ தயாராகிறது. ஓட்டப்பந்தயத்தில் கோட்டில் நிற்கும்போதும் இதேதான் நடக்கும். அப்போது நாம் அதைப் பயம் என்று சொல்வதில்லை. 2014இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் ஒரு ஆய்வு வெளியிட்டார். பேசுவதற்கு முன்னால் "அமைதியாக இருக்கிறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். அடிக்கிற நெஞ்சை அடக்கப் பார்ப்பது கஷ்டம், அதை நம் பக்கம் திருப்பிக்கொள்வது எளிது. இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடப் பிடித்தது. 2003இல் சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் கண்டது: பேசுகிறவர் தன் நடுக்கம் எல்லோருக்கும் தெரிகிறது என்று நினைக்கிறார், கேட்கிறவர்களுக்கு அந்த அளவுக்குத் தெரிவதில்லை. இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்னாலேயே எடுத்துச் சொன்னபோது, அதைக் கேட்டுக்கொண்டு மேடை ஏறியவர்களின் பேச்சு மேம்பட்டது. உங்கள் கால் நடுங்குவது உங்களுக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் இருக்கிற மாமாவுக்குத் தெரியாது. இதை நம்பி எழுந்திருங்கள்.

திருக்குறளில் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 73ஆவது. அதை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். அதற்கு முந்தின 72ஆவது அதிகாரம் அவையறிதல். எதிரே இருப்பது யார், அவர்களுக்கு என்ன வேண்டும், எந்த அளவில் சொன்னால் எடுபடும் என்று முதலில் தெரிந்துகொள், அஞ்சாமையைப் பிறகு பார்க்கலாம் என்று அந்த வரிசை சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன். பயத்தில் பெரும்பகுதி எதிரே இருப்பவரைத் தெரியாததால் வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். சபையில் பேசுவதைப் பற்றிய இந்த இரண்டு அதிகாரங்களையும் வள்ளுவர் அமைச்சனுக்கு வைத்தார். கேட்பதைப் பற்றிய கேள்வி என்ற அதிகாரத்தை, 42ஆவதை, அரசனுக்கான பகுதியில் வைத்தார். நாற்காலியில் இருப்பவனுக்கு முதல் வேலை கேட்பது.

கேட்பதில் நம் கரிசல் சீமைக்கு ஒரு தனி மரபு உண்டு. பாட்டி கதை சொல்லும்போது பேரன் "உம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். "தூங்கிட்டியாலே?" என்று ஒரு கேள்வி வரும். வில்லுப்பாட்டில் பாடுகிறவர் ஒரு வரி சொன்னால் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார், அந்த ஆமாவில்தான் அடுத்த வரி ஏறி நிற்கும். சொல்கிறவரும் கேட்கிறவரும் சேர்ந்துதான் பேச்சு என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்தார். கரிசல் காட்டுச் சொற்களுக்கு அகராதி தந்தார். 1991இல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. நம் ஊர்ப் பேச்சுக்கு மரியாதை இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவரைக் காட்டுங்கள்.

ஆகவே பேசப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு மாதம் கேட்டுப் பழகுங்கள். கண்மாய் மடை விவகாரத்தில் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள் என்றால் பக்கத்தில் நின்று கேளுங்கள். முதலாமவர் சொன்னதை அவரே "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொள்ளும்படி இரண்டாமவரிடம் உங்களால் திருப்பிச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் உங்களுக்குப் பாதிப் பேச்சு வந்துவிட்டது. நம் ஊரில் முக்கால்வாசிச் சண்டை, சொன்னது ஒன்றும் காதில் விழுந்தது வேறொன்றுமாக இருப்பதால் வருவது.

மேடைப் பேச்சைக் கண்டு மலைத்துப்போக வேண்டாம். தமிழில் ஊர் மக்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பேசுகிற வழக்கம் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதல்ல. புலவர்கள் அரசவையில் பேசினார்கள், கதாகாலட்சேபம் நடந்தது, கூத்து நடந்தது. யாரும் வந்து நின்று கேட்கலாம் என்கிற பொது உரை பாதிரிமார்களின் பிரசங்கத்தைப் பார்த்துத்தான் இங்கே வேரூன்றியது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனில் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், அதே முறையைக் கையில் எடுத்து 1847 டிசம்பர் 31ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மதுரையில் தங்கித் தமிழ் மேடைப் பேச்சை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பெர்னார்ட் பேட் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். அரசியலில் இது இன்னும் தாமதம். ஆரம்பக் காலக் காங்கிரஸ் கூட்டங்கள் படித்தவர்கள் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசியவை. சுதேசி இயக்கம் வந்த பிறகுதான் தெருவில் நிற்பவருக்கு அவருடைய மொழியில் அரசியல் சொல்லப்பட்டது.

அதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது, தூத்துக்குடி. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களிடம் பேசியவர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். பேச்சில் சுயராஜ்யம் இருந்தது. கூடவே ஊதிய உயர்வும் வாரம் ஒருநாள் விடுமுறையும் இருந்தன. கேட்டவர்களின் காலையும் மாலையும் எப்படிப் போகின்றன என்று பேசியவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது. மார்ச் 12ஆம் தேதி இருவரையும் கைது செய்தார்கள். வழக்கில் குற்றமாக வைக்கப்பட்டது முக்கியமாக அவர்களின் பேச்சு. சிவாவுக்கு 10 ஆண்டு. சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனை, அதில் ஒன்று சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்ததற்கு. மேல்முறையீட்டில் தண்டனை பிறகு குறைந்தது என்றாலும் முதல் தீர்ப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்குத் துணை நின்றதற்கு ஆயுள் தண்டனை கொடுக்கிற அளவுக்கு ஓர் அரசாங்கம் பயந்திருக்கிறது. பேசி என்ன ஆகப்போகிறது என்று டீக்கடையில் யாராவது சலித்துக்கொண்டால் எனக்கு இந்தத் தீர்ப்புதான் நினைவுக்கு வரும்.

அதன் பிறகு வந்த அண்ணாவின் அடுக்குமொழியும் ஜீவாவின் முழக்கமும் இரவெல்லாம் விழித்திருந்து கேட்ட பெருங்கூட்டங்களுக்கு உரியவை. அந்த ஓசையை நானும் நேசிக்கிறேன். ஆனால் விருதுநகர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில் அந்த ஓசையோடு பேச ஆரம்பித்தால் உங்கள் காரியம் கெட்டுவிடும். அங்கே உங்களுக்குப் பின்னால் நூறு பேர் மனுவோடு நிற்கிறார்கள். அவையறிதல் என்றால் இதுதான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒரு குடும்பம். யானை இறங்கி மரங்களைச் சாய்த்துவிட்டது. அந்தக் குடும்பத்துப் பெண் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்திருக்கிறாள். நம்மில் பலர் இப்படித் தொடங்குவோம்: "மாண்புமிகு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களே, வருவாய்த் துறை அதிகாரிகள் அவர்களே, வனத்துறை அதிகாரிகள் அவர்களே, வேளாண்மைத் துறை அதிகாரிகள் அவர்களே, இங்கே கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, விவசாயம் நாட்டின் முதுகெலும்பு..." இதற்குள் இரண்டு நிமிடம் போயிருக்கும். கலெக்டர் அடுத்த மனுவைப் பிரித்திருப்பார்.

அவள் இப்படிச் சொல்லட்டும்: "வணக்கம் ஐயா. மம்சாபுரத்திலேர்ந்து வர்றேன். மலையடிவாரத்தில எங்களுக்கு 2 ஏக்கர் தென்னந்தோப்பு. போன மாசம் 3 ராத்திரி யானை இறங்குச்சு. காய்ப்புல இருந்த 18 மரம் போச்சு. ஒரு மரம் காய்ப்புக்கு வரணும்னா இன்னும் அஞ்சாறு வருசம் ஆகும். போட்டோவும் வி.ஏ.ஓ. சான்றும் மனுவோட இருக்கு. எங்களுக்கு ரெண்டு விஷயம் வேணும். இழப்பீட்டுக்கு ரேஞ்சர் எப்ப வந்து பார்ப்பார்னு ஒரு தேதி வேணும். அடிவாரத்து அகழி தூர்ந்துபோன இடத்தை வெட்டித் தரணும்."

முழுதாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது. யார், எங்கே, என்ன நடந்தது, எவ்வளவு, ஆதாரம் என்ன, என்ன வேண்டும். இதில் விவசாயத்தைப் பற்றி ஒரு புகழ்ச்சி வார்த்தை இல்லை, யாரையும் திட்டவில்லை. காய்ப்புக்கு வர அஞ்சாறு வருசம் என்ற ஒரு வரியில் அந்த வீட்டின் துக்கம் முழுவதும் வந்துவிடுகிறது. அதற்கு மேல் கண்ணீரைச் சேர்க்க வேண்டியதில்லை. வந்தால் வரட்டும், அடக்கவும் வேண்டாம். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். 18 மரத்தை 50 என்று சொன்னால் ரேஞ்சர் வந்து எண்ணும் நாளில் மீதிச் சொற்களும் பொய்யாகிவிடும். அடுத்த முறை மம்சாபுரத்திலிருந்து யார் எழுந்தாலும் அந்தப் பொய் முன்னால் வந்து நிற்கும்.

அதிகாரி குறுக்கே கேள்வி கேட்டால் கலங்காதீர்கள். கேள்வி கேட்கிறார் என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒப்பிக்கிறவருக்குத்தான் குறுக்குக் கேள்வி எமன். தெரிந்ததைச் சொல்கிறவருக்கு அது படிக்கட்டு.

ஒரு பொய்யைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில், பேச்சின் தாக்கத்தில் சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான், மீதி 93 விழுக்காடு குரலும் உடல்மொழியும் என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து உருவின எண்கள் இவை. அவர் சோதித்தது ஒற்றைச் சொற்களை, அதுவும் விருப்பு வெறுப்பு போன்ற உணர்ச்சிகளை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை மட்டும். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். சொல் 7 விழுக்காடுதான் என்றால், தெரியாத மொழியில் ஒருவர் கையசைத்துப் பேசினாலே 93 விழுக்காடு நமக்குப் புரிந்திருக்க வேண்டுமே! முகம் பார்த்துப் பேசுங்கள், நிமிர்ந்து நில்லுங்கள், அதெல்லாம் சரி. காரியம் இருப்பது சொல்லுகிற விஷயத்தில்.

மைக்கைப் பற்றிச் சுருக்கமாக. வாய்க்கு ஒரு கைமுட்டி தூரத்தில், உதட்டுக்குச் சற்றே கீழே பிடியுங்கள். ஊதிப் பார்க்காதீர்கள். கத்த வேண்டாம், கத்துவதற்குத்தான் அந்தக் கருவி இருக்கிறது. திருவிழாக் கூட்டங்களில் தெரு முழுக்கக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி இருக்கிற குழாயின் சத்தம் உங்கள் காதுக்கு விநாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிந்தித்தான் வரும். உங்கள் குரலே உங்களைத் துரத்துவது போலத் தோன்றி, பலர் வேகம் பிடித்து, வார்த்தைகளைப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். வாக்கியம் முடிந்ததும் நிறுத்துங்கள், எதிரொலி அடங்கட்டும், அடுத்ததைத் தொடங்குங்கள். நீங்கள் நிறுத்துகிற நேரம் உங்களுக்கு யுகமாகத் தெரியும், கேட்பவர்களுக்கு அது யோசிக்கக் கிடைத்த இடம்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் வரவு செலவை வாய்க்கணக்காகவே ஒப்புவிக்கிற பெண்கள், ஆண்கள் சேர்ந்த கூட்டத்தில் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். "பொம்பளப் பிள்ளை சபையில பேசுறதா" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களே மார்கழி முழுக்க விடியற்காலையில் எழுந்து கேட்பது யாருடைய சொல்லை? நந்தவனத்துத் துளசியடியில் கிடைத்த வில்லிபுத்தூர்ப் பெண்ணின் சொல்லைத்தானே. தன் விருப்பம் என்ன என்பதை அவள் மறைக்காமல் சொன்னாள், அந்தச் சொல்லைத்தான் தமிழ்நாடு தலையில் வைத்துக்கொண்டாடுகிறது. அண்மைக் காலத்துக்கு வந்தால் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறைக்குள் தள்ளப்பட்டவர். அந்த முறையை ஒழிக்க ஊர் ஊராகப் பேசினார். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தி எதிர்ப்புப் படையோடு, ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், வழிநெடுகப் பேசிக்கொண்டு போனார். சிறையும் சென்றார். அவரிடமும் இருந்தது பட்டம் அல்ல, பட்ட அனுபவம். நீங்கள் முன்வரிசைக்கு வாருங்கள். அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு பெண் பேச எழுந்தால் நடுவில் புகுந்து "அது என்னன்னா சார்..." என்று விளக்கம் சொல்லாதீர்கள். அவள் முடிக்கட்டும்.

பழகுவதற்கு மேடை தேடி அலைய வேண்டாம். வாரம் ஒரு சாயங்காலம், நான்கைந்து பேர், கோயில் திண்ணையோ பள்ளிக்கூடத்து மரத்தடியோ போதும். ஒருவர் இரண்டு நிமிடம் ஊர் விஷயம் ஒன்றைப் பேச வேண்டும். எழுதி வைத்து வாசிக்கக் கூடாது, மூன்று குறிப்பு மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கலாம். பேசி முடித்ததும் கேட்டவர்கள் கை தட்ட வேண்டாம், தங்களுக்கு என்ன விளங்கியது என்று சொல்லட்டும். நீங்கள் சொல்ல நினைத்ததும் அவர்கள் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் அதே விஷயத்தைத் திரும்பப் பேசுங்கள். செல்போனில் பதிவு செய்து கேட்டால் "வந்து... வந்து..." எத்தனை முறை வருகிறது என்று தெரியும். ல, ள, ழ தடுமாறுகிறதா என்று தெரியும், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஊர் வழக்கைத் திருத்தாதீர்கள்.

நம் ஊர் பேரூராட்சி. பக்கத்துக் கிராம ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராம சபை கூடும்போது நமக்கு அது கிடையாது. ஆகவே வார்டு கவுன்சிலரிடமும், செயல் அலுவலரிடமும், திங்கட்கிழமை மனு நாளிலும், மாதந்தோறும் நடக்கிற விவசாயிகள் கூட்டத்திலும் போய்ச் சொல்கிற பேச்சும் நமக்குச் சபைதான். போவதற்கு முதல் நாள் ராத்திரி, கேட்கப்போவது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் விஷயம் உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை, வீட்டுப் பெரியவர்களிடம் மறுபடி கேளுங்கள். போகும்போது இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், இன்னொருவர் யார் என்ன பதில் சொன்னார், எந்தத் தேதி சொன்னார் என்று குறித்துக்கொள்ளட்டும். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். ஊருக்கு வந்ததும் உங்களை அனுப்பியவர்களைக் கூப்பிட்டு, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். சொன்ன தேதியில் அவர்கள் வரவில்லை என்றால் ரசீதை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். இந்த முறை மைக் இன்னொருவர் கைக்குப் போகட்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்